நர்சிங் படிக்க இன்டர்மீடியட் அல்ஜீப்ராவில்தான் தொடங்க வேண்டுமா?

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 38. சேலம் மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளி, மேல்நிலையில் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவு, அப்புறம் பி.காம். அமெரிக்கா வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் ஹெச்1பி என்ற வேலை விசாவில், இவர் அவரைச் சார்ந்து வந்தவருக்கான ஹெச்4 விசாவில். இரண்டு பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே நர்ஸாக ஆசை. இப்போது சின்னவளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் கம்யூனிட்டி கல்லூரியில் (இரண்டாண்டுப் பட்டம் தரும் அரசுக் கல்லூரி) சேர நினைக்கிறார். 2013இல் படித்த தோழி ஒருவர் வழி சொல்லியிருக்கிறார்: முதலில் பிளேஸ்மென்ட் தேர்வு, பிறகு எலிமென்டரி அல்ஜீப்ரா, அடுத்த பருவத்தில் இன்டர்மீடியட் அல்ஜீப்ரா, அதற்கடுத்து ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ஆனால் அருகிலுள்ள கல்லூரியின் வகுப்புப் பட்டியலில் இன்டர்மீடியட் அல்ஜீப்ராவையே காணோம். வேறொரு கல்லூரியில் மாலை வகுப்பு இருக்கிறது, போக நாற்பது நிமிடம் ஆகும். அங்கே சேரட்டுமா என்பது முதல் கேள்வி. ஹெச்4இல் படிக்க முடியாது, எஃப்1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஒருவர் சொன்னாராம். ஃபெயிலானால் கிரீன் கார்டுக்குப் பாதிப்பு வருமோ என்ற பயமும் இருக்கிறது. கணவர், "பத்தாவதுல கணக்குல 52 மார்க் வாங்கினவ நீ, பத்தாயிரம் டாலரைத் தண்டம் பண்ணாதே, யூடியூபில் படி" என்கிறார். கடைசியில் ஒரு வரி: எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படிக்கும் மகன் ஒரு சந்தேகம் கேட்டபோது இவரால் சொல்லித்தர முடியவில்லை. "பரவால்லம்மா, அப்பாகிட்ட கேட்டுக்கறேன்" என்று அவன் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தோழி சொன்னது தவறில்லை. அவர் படித்த காலத்தில் வழி அப்படித்தான் இருந்தது. கம்யூனிட்டி கல்லூரிகளின் மாலை வகுப்புகளில் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் அந்த ஏற்பாட்டை நெருங்கிப் பார்த்திருக்கிறேன். சேரும் நாளில் ஒரு தேர்வு வைப்பார்கள். பின்னத்தையும் வர்க்கமூலத்தையும் இருபது வருடமாகத் தொடாதவர்கள் அதில் தடுமாறுவார்கள். உடனே இரண்டு மூன்று படி கீழே உள்ள வகுப்பில் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து ஏறி வருவதற்குள் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போகும், வேலை நேரம் மாறும், ஊரில் அப்பாவுக்கு ஆபரேஷன் என்று கிளம்ப வேண்டியிருக்கும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சிலர் திரும்பி வரமாட்டார்கள். பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்கள்கூட அடுத்த படிக்குப் பதிவு செய்யாமல் நின்றுபோனார்கள்.

இதை மாற்றத்தான் கலிபோர்னியாவில் ஏபி 705 என்ற சட்டம் 2017இல் வந்தது. 2019 இலையுதிர் பருவத்துக்குள் எல்லாக் கம்யூனிட்டி கல்லூரிகளும் அதை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. 2022இல் வந்த ஏபி 1705 அதை இன்னும் இறுக்கியது. பழைய பிளேஸ்மென்ட் தேர்வு போய்விட்டது. பள்ளியில் என்ன படித்தீர்கள், எப்படிப் படித்தீர்கள் என்பதைப் பார்த்து, பல்கலைக்கழகம் ஏற்கும் நிலையிலுள்ள கணிதப் பாடத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது இப்போதைய விதி. அமெரிக்கப் பள்ளியில் படிக்காத உங்களைப் போன்றவர்களுக்குச் சில கேள்விகள் கேட்டு வழிகாட்டுவார்கள், பெரும்பாலும் இணையத்திலேயே. இன்டர்மீடியட் அல்ஜீப்ரா அந்த நிலைக்குக் கீழே உள்ள பாடம். அதனால்தான் பல கல்லூரிகள் அதைக் குறைத்துவிட்டன, சில நிறுத்தியே விட்டன. பட்டியலில் அது இல்லாதது உங்கள் கண்ணில் உள்ள கோளாறு அல்ல.

"அல்லது அதற்கு மேல்"

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, சேர நினைக்கும் நர்சிங் திட்டத்தின் சேர்க்கைத் தகுதிப் பக்கத்தைத் திறந்து கணிதம் பற்றிய வரியை நிதானமாகப் படிப்பது. இரண்டாண்டு நர்சிங் பட்டத்துக்குப் பல கல்லூரிகளில் "இன்டர்மீடியட் அல்ஜீப்ரா அல்லது அதற்கு மேல்" என்றிருக்கும். பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அதற்கு மேலுள்ள பாடம். அதில் தேர்ச்சி பெற்றால் நர்சிங்கின் கணிதத் தேவை அதிலேயே நிறைவேறிவிடும். பின்னாளில் பி.எஸ்.என். என்ற நான்காண்டு நர்சிங் பட்டத்துக்கு மாறும்போதும் பல்கலைக்கழகங்கள் வழக்கமாகக் கேட்பது ஸ்டாட்டிஸ்டிக்ஸைத்தான். இன்டர்மீடியட் அல்ஜீப்ராவின் யூனிட்டுகளை (பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு அலகுகளை) கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களான கால் ஸ்டேட், யூசி இரண்டும் எடுத்துக்கொள்வதில்லை. ஆக, நாற்பது நிமிடம் ஓட்டிப்போய் அதை முடித்தாலும், பி.எஸ்.என். என்று வரும்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

"அடித்தளம் இல்லாமல் நேரே எப்படி?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் கணக்கை அப்படித்தான் சொல்லித்தந்தார்கள், அந்த எண்ணத்தில் மதிக்கத்தக்க நேர்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பாடத்துக்கு எந்த அடித்தளம் என்று பார்க்க வேண்டும். இன்டர்மீடியட் அல்ஜீப்ராவில் வருவன: ஒருங்கமை சமன்பாடுகள், காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு, விகிதமுறு கோவைகள், மூலக்குறி, கலப்பெண்கள், அடுக்குச் சார்பு, மடக்கை. இவற்றில் பெரும்பகுதி, கால்குலஸ் நோக்கிப் போகிறவருக்குத் தேவையானது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வகுப்பில் உட்காருகிறவருக்கு வேண்டியது பின்னம், தசமம், விழுக்காடு, வர்க்கமூலம், பெரிது சிறிது குறிகள், ஒரு நேர்கோட்டின் சாய்வு, சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுப்பது. சராசரியும் திட்ட விலக்கமும் நீங்கள் பள்ளியிலேயே போட்ட கணக்குகள். ஆறேழு வாரம் தினமும் அரை மணி நேரம் கொடுத்தால் இதைத் தூசி தட்டி எடுத்துவிடலாம்.

மருத்துவமனை வார்டில் தேவைப்படும் கணக்கையும் சொல்கிறேன். 1000 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், அந்தக் குழாயில் 15 சொட்டு ஒரு மில்லி என்றால், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்தம் 15,000 சொட்டு, 480 நிமிடம், வகுத்தால் 31.25. நிமிடத்துக்கு 31 சொட்டு. இது விகிதக் கணக்கு. இதில் தவறு நேரக்கூடாது என்பதால் நர்சிங் படிப்பில் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். கலப்பெண் தெரியாததால் எந்த நோயாளிக்கும் கெடுதல் வராது.

நர்சிங் சேர்க்கைக்கு டீஸ் என்ற தேர்வும் உண்டு. கலிபோர்னியாவில் பொதுவாக 62 விழுக்காடு வேண்டும், ஆனால் இடங்களுக்குப் போட்டி அதிகம் என்பதால் அதற்கு மேலேயே குறிவையுங்கள். அதன் கணிதப் பகுதியில் 38 கேள்விகள், 57 நிமிடம், திரையிலேயே கால்குலேட்டர் இருக்கும். பின்னம், விழுக்காடு, விகிதம், ஒரு மாறி உள்ள சமன்பாடு, அளவைகள், வரைபடம் படிப்பது. அவ்வளவுதான்.

என் கருத்தைக் கேட்டால்: ஸ்டாட்டிஸ்டிக்ஸையே எடுங்கள், அதோடு துணை வகுப்பு இணைந்த பிரிவாகப் பார்த்து எடுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாக, தேவைப்படும் அல்ஜீப்ராவைத் தேவைப்படும் நேரத்தில் அங்கே சொல்லித்தருவார்கள். இப்போது பாட எண்கள் மாநிலம் முழுக்கப் பொதுவாகி வருகின்றன. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இந்தப் பாடத்தை 'ஸ்டாட் சி1000' என்ற எண்ணில் தேடுங்கள்.

பி.காம். மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள்

இதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டு பி.காம். பாடத்திட்டங்களில் பெரும்பாலும் வணிகக் கணிதம், வணிகப் புள்ளியியல் என்ற தாள்கள் உண்டு. உங்கள் பட்டியலில் அவை இருந்தால், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றில் பாடவாரியான மதிப்பீடு வாங்கலாம். எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்பதை முதலில் கல்லூரியில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அந்தத் தாளின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கி ஆங்கிலத்தில் இணைப்பது நல்லது. முழுமையாக ஏற்றால் ஸ்டாட்டிஸ்டிக்ஸே தேவைப்படாமல் போகலாம். அதற்கு உத்தரவாதம் கிடையாது, நர்சிங் துறையின் முடிவு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஏற்காவிட்டாலும், நீங்கள் கணிதம் படித்தவர் என்பதற்கு அது ஒரு சான்றாக நிற்கும்.

அல்ஜீப்ரா தேவைப்படும் இடங்கள்

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நர்சிங்குக்கு முன் உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் முடிக்க வேண்டும். சில கல்லூரிகளில் வேதியியலும் கேட்பார்கள். அந்த வேதியியல் வகுப்பில் சேர அல்ஜீப்ராவை முன்தகுதியாக வைத்திருக்கலாம், அதற்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸை ஏற்காமலும் போகலாம். அப்படி இருந்தால் உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி முன்தகுதி விலக்கு கேளுங்கள். முன்தகுதியை எதிர்த்து முறைப்படி விண்ணப்பிக்க மாணவருக்கு உரிமை உண்டு. வகுப்பில் இடம் இருக்கும்போது கேட்டால் கல்லூரி ஐந்து வேலைநாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் அல்ஜீப்ரா எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது, எடுங்கள்.

நாளைக்கு மனம் மாறி கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போனாலும் கதை வேறு. அங்கே கால்குலஸ் வேண்டும், காரணிப்படுத்துதலும் மடக்கையும் கை வந்திருக்க வேண்டும்.

மகனுக்குச் சொல்லித்தர வேண்டும், எனக்கே புரிய வேண்டும் என்பதும் நல்ல காரணம்தான். உங்கள் கடிதத்தில் நர்சிங் பற்றிய வரிகளைவிட அந்த வரியில்தான் அதிகம் வலி தெரிந்தது. அதற்கு மதிப்பெண் விழும் வகுப்பு எதற்கு? கல்லூரிகளின் நான்கிரெடிட் (யூனிட் தராத) கணித வகுப்புகளுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, கிரேடு பாயின்டிலும் சேராது. ஊரிலுள்ள அடல்ட் ஸ்கூலிலும் விசாரியுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் இன்டர்மீடியட் அல்ஜீப்ராவுக்கும் புள்ளியியலுக்கும் முழுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மகனோடு உட்கார்ந்து அவன் வீட்டுப்பாடத்தையே சேர்ந்து போடுங்கள். அவனுக்கு அம்மாவிடமிருந்து விடை கிடைக்க வேண்டும் என்பதில்லை. தெரியாததை ஒரு பெரியவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்ப்பது அவனுக்கும் நல்லது.

ஹெச்4, கட்டணம், கிரீன் கார்டு

ஹெச்4இல் இருப்பவர் படிக்கத் தடையில்லை. முழுநேரமாகவும் படிக்கலாம், ஒரே ஒரு பாடமாகவும் படிக்கலாம். எஃப்1க்கு மாற வேண்டிய அவசியம் இல்லை. மாறினால் வெளிநாட்டு மாணவர் கட்டணமும், பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் என்ற கட்டாயமும் தலையில் ஏறும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கலிபோர்னியாவில் ஹெச்4காரர் மாநிலவாசி என்ற தகுதியைப் பெற முடியும். பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்திருக்க வேண்டும், இங்கேயே இருக்கும் எண்ணத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம், கணவரோடு சேர்ந்து தாக்கல் செய்த மாநில வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் விசா வகையைப் போட்டதும் கணினி உங்களை வெளிமாநிலத்தவர் என்று வகைப்படுத்திவிடக்கூடும். பதறாமல் அட்மிஷன் அலுவலகத்தில் வகைமாற்றத்துக்கான மனு கொடுங்கள். மாநிலவாசிக்கு 2012 முதல் யூனிட்டுக்கு 46 டாலர்தான். நான்கு யூனிட் பாடம் 184 டாலர். முன்தகுதிப் பாடங்களும் நர்சிங்கும் சேர்த்து 80 யூனிட் என்று வைத்தாலும் 3,680 டாலர். சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம், பின்னணிச் சோதனை எல்லாம் இதற்கு மேல் வரும். வெளிமாநிலத்தவர் என்று ஆகிவிட்டால் யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கூடும், உங்கள் கணவர் சொன்ன பத்தாயிரத்தையும் தாண்டும். அதனால்தான் இந்த மனுவை முதல் வேலையாகச் செய்யச் சொல்கிறேன்.

மத்திய அரசின் கல்வி உதவித்தொகை ஹெச்4க்குக் கிடையாது. அந்தப் படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்விக்கு யாராவது "சும்மா டிக் பண்ணுங்க" என்றால் கேட்காதீர்கள். குடியேற்ற விஷயத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு பாடத்தில் ஃபெயிலாவதில் இல்லை. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கல்லூரி கிரேடுகளைக் கேட்பதில்லை, ஹெச்4காரரின் கிரேடுகளைக் கல்லூரி யாருக்கும் அனுப்புவதும் இல்லை. படித்து முடித்து வேலைக்குப் போவது வேறு விஷயம், அதற்கு இஏடி என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் தரும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்த விதி மாறக்கூடியது, ஆகவே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஒருவேளை பாடம் சரியாக வராவிட்டால்

வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் விலகினால் பதிவேட்டில் எதுவும் வராது. அதற்குப் பிறகு, ஏறக்குறைய முக்கால்வாசிப் பருவம் வரை விலகினால் 'டபிள்யூ' விழும். அது கிரேடு பாயின்டைக் குறைக்காது. கடும் நோய், விபத்து போன்றவற்றுக்குத் தனியாக விலக்கும் உண்டு. பலர் வெட்கப்பட்டு விலகாமல், வகுப்புக்கும் போகாமல் இருந்து 'எஃப்' வாங்குகிறார்கள். அதைத் தவிருங்கள். பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் பொதுவாக மொத்தம் மூன்று முறைதான், 'டபிள்யூ'வும் அதில் ஒன்றாகக் கணக்காகும். இரண்டு கடைசித் தேதிகளையும் முதல் நாளே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நர்சிங் முன்தகுதிக்கு லெட்டர் கிரேடு கேட்பார்கள் என்பதால் பாஸ்-நோபாஸ் முறையை எடுக்க வேண்டாம்.

நான்கு யூனிட் பாடம் என்றால் வகுப்பையும் வீட்டுப்பாடத்தையும் சேர்த்து வாரம் 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆறே வாரத்தில் முடியும் வகுப்பு ஈர்க்கும், உங்களுக்கு வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பே பதிவுசெய்த வீடியோக்களாக வரும் ஆன்லைன் வகுப்பையும் தேர்ந்தெடுக்காதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் கணிதத்துக்குத் திரும்புகிறவர்கள் அங்கேதான் சத்தமில்லாமல் பின்தங்குகிறார்கள், கை உயர்த்திக் கேட்க ஆளில்லை. நேரடி வகுப்பாக, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை நேரத்தில் பாருங்கள். ஆசிரியரின் அலுவல் நேரமும் கல்லூரியின் ட்யூட்டரிங் மையமும் நீங்கள் கட்டிய பணத்தில் அடங்கியவை. அங்கே போவது மந்தமான மாணவரின் அடையாளம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் அங்கே வரிசையில் நிற்பார்கள். உங்களுக்கு முதலில் தடுமாற்றம் வரப்போவது கேள்வியின் ஆங்கிலத்தில். தமிழில் கணக்கு படித்தவர் நீங்கள் என்பதை ஆசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

கணவரைப் பற்றி ஒன்று. யூடியூபில் கணக்கு கற்கலாம், அதில் அவர் சொல்வது சரி. ஆனால் நர்சிங் திட்டத்துக்கு வேண்டியது பதிவேட்டில் ஏறும் பாடம், அதை யூடியூப் தராது. பதினைந்து வயதில் வாங்கிய 52 மதிப்பெண், முப்பத்தெட்டு வயதில் எதற்கும் அளவுகோல் ஆகாது. அந்த வயதில் உங்களுக்கு வீட்டில் என்னென்ன வேலை இருந்தது, டியூஷன் இருந்ததா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. இதை அவரிடம் சண்டையாகப் பேச வேண்டாம். மேலே சொன்ன 184 டாலர் கணக்கைக் காட்டி, "ஒரு பருவம், ஒரு பாடம், வாரத்தில் இந்த நேரங்களில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வசந்தப் பருவத்துக்கான பதிவு பெரும்பாலும் நவம்பரிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன்பே கல்லூரி ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பி.காம். சான்றிதழ்களை எடுத்துப் போங்கள். கேட்க வேண்டியவை மூன்று: இந்த நர்சிங் திட்டத்தின் கணிதத் தேவைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போதுமா, வேதியியலுக்கும் மற்ற அறிவியல் பாடங்களுக்கும் அல்ஜீப்ரா முன்தகுதி இருக்கிறதா, என் பி.காம். தாளை எங்கே கொடுத்து மதிப்பிட வேண்டும். பதிலை வாய்வார்த்தையாக விட்டுவிடாமல் எஜுகேஷன் பிளானாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஆலோசகர் அவசரத்தில் "முதலில் அல்ஜீப்ரா எடுங்கள்" என்று சொல்லிவிட்டால், அது விதியா அல்லது அவருடைய யோசனையா என்று மரியாதையாகக் கேளுங்கள். யோசனைதான் என்றால், முடிவு உங்கள் கையில்.